ஏச்சு வாங்கப் படித்த கிட்டார்

மாமியார் ஏசுகிறார் என்று மூக்கைச் சிந்திய மருமகன்மாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மாமியார் ஏசவில்லையே என்று ஏங்கி, அந்த ஏச்சை எப்படியாவது வாங்கியே தீருவது என்று கிட்டார் படித்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் பக்கத்து வீட்டு டைல் பாஸ்.

அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. அடையாள அட்டையில் இருக்கும், அதைப் பார்த்தவர்கள் யாரும் எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், இல்லை. மேசனும் மரவேலை செய்யும் ஓடாவியும் எங்கள் பக்கத்தில் பாஸ் ஆகிவிடுவதுபோல, தரைக்கு டைல் பதிக்கும் இவரும் பாஸ் ஆகிவிட்டார். கல்முனையிலோ மருதமுனையிலோ காரைதீவிலோ யாராவது பளபளத்த தரையில் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தால், அது பெரும்பாலும் பாஸ் பதித்த தரையாகத்தான் இருக்கும். வேலை அவ்வளவு சுத்தம்.

எங்கள் கிழக்கிலங்கைப் பக்கத்து வழக்கத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். கலியாணம் முடித்தால் பெண் எங்கேயும் போவதில்லை. மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேருவார். வந்தவருக்கு அந்த வீட்டில் ராஜ மரியாதை. அந்த மரியாதையின் உச்சக்கட்டம் என்னவென்றால், மாமியார் மருமகனோடு நேருக்கு நேர் கதைக்க மாட்டார். இப்போது அதையெல்லாம் பெரும்பாலான வீடுகளில் கைவிட்டுவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் மருமகனுக்குப் பூப்படம் அனுப்பும் மாமிமார் எல்லாம் இருக்கிறார்கள். ஆனால் பாஸின் மாமி பழைய சாமான். மருமகன் விறாந்தையில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுச் சீலைக்குப் பின்னால் போய்விடுவார்.

பாஸின் மனைவி நசீறா வீட்டில் இருந்தால் தூது அவள் வழியாகப் போகும். நசீறா இல்லாத நேரங்களில் மாமி முன்னறை ஹோலில் இருந்த பிரிட்ஜோடு கதைப்பார்.

“பிரிட்ஜே, அடுப்புக் கேஸ் முடியப் போகுது. டவுனுக்குப் போற ஆக்கள் கொண்டு வந்தா நல்லம்.”

பாஸும் பிரிட்ஜைப் பார்த்தே பதில் சொல்வார்.

“பிரிட்ஜே, அசறு தொழுதுட்டு கொண்டு வாறன் எண்டு சொல்லு.”

ஒருமுறை அந்தப் பிரிட்ஜ் பழுதாகித் திருத்தக் கொடுத்திருந்தார்கள். அது திரும்பி வரும்வரை, நசீறா வெளியே போகும் நேரமெல்லாம், அந்த வீட்டில் மாமிக்கும் மருமகனுக்கும் இடையில் தகவல் தொடர்பு முற்றாகத் துண்டிக்கப்பட்டிருந்தது.

பாஸ் பள்ளிவாசல் மௌலவியிடமே போய்க் கேட்டிருக்கிறார். “ஹஸ்ரத், மாமி மருமகனோட கதைக்கிறது மார்க்கத்துல தடையா?”

“அப்பிடி ஒண்டும் இல்லையே. மாமி உம்மாட இடத்துல உள்ளவ. தாராளமாக் கதைக்கலாம்.”

“அத எங்கட வீட்ட வந்து சொல்லிட்டுப் போங்களன்.”

மௌலவியும் நல்ல மனிதர், வந்து சொன்னார். மாமி சீலைக்குப் பின்னால் நின்று பயபக்தியோடு கேட்டார். மௌலவிக்கு வட்டிலப்பம் கொடுத்து அனுப்பிவிட்டு பிரிட்ஜிடம் வந்தார். “ஹஸ்ரத் சொன்னது சரிதான். மார்க்கம் விடும். என்ட மரியாத விடாது.”

அந்த மரியாதையில் இன்னொரு விசேஷம் இருந்தது. மருமகன் மேல் மாமிக்குக் கோபமே வராது என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாக வரும். ஏச முடியாததால் அந்தக் கோபம் வேறு வழியாக வெளியே வந்தது. பாஸ் சிமெந்துக் காலோடு பாயில் ஏறிவிட்டால் அன்றைக்குப் பகல் கோழிக் கறி. ஈரத் துவாயைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போனால் பெரிய பாரை மீன் பொரியும். மாமி எவ்வளவு கொதிக்கிறாரோ அவ்வளவு ருசியாகச் சாப்பாடு வரும். எங்கள் மதிலுக்கு மேலால் நெய்ச்சோறு மணத்தால், “பாஸ் என்னமோ பெரிய பிழை செஞ்சிரிக்காரு” என்று என் கணவர் சொல்வார்.

இந்த நிலையில்தான் கிட்டார் வந்தது. பாண்டிருப்பில் ஒரு வீட்டுக்கு டைல் பதிக்கப் போன இடத்தில், வெளிநாடு போன மகன் விட்டுச் சென்ற கிட்டார் ஒன்று ஸ்டோர் அறையில் தூசி பிடித்துக் கிடந்திருக்கிறது. அறையைக் காலி செய்யும்போது அந்த வீட்டு அம்மா, “இத எடுத்துட்டுப் போங்க தம்பி, இடத்த அடைச்சிட்டுக் கிடக்கு” என்றிருக்கிறார். பாஸ் அதை மோட்டார் சைக்கிளில் டைல் கட்டருக்கும் சிமெந்து வாளிக்கும் நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். ஒரு கம்பி இல்லை. அந்த இடத்தில் மீன்பிடிக்கும் தங்கூசி நூலைக் கட்டினார். ஆகவே எங்கள் ஒழுங்கையின் இசை வரலாற்றில் ஆறில் ஒரு பங்கு கடலுக்குச் சொந்தமானது.

வாத்தியார் போனில் இருந்தார். சென்னைப் பக்கத்துப் பையன் ஒருவன், வீடியோவில் தமிழிலேயே கிட்டார் பாடம் நடத்துகிறவன். “ஹாய் ஃப்ரெண்ட்ஸ், எல்லாரும் எப்படி இருக்கீங்க? வாங்க, வசதியா உட்காருங்க” என்று அவன் தொடங்குவான். முதல் நாள் அந்தக் குரல் அடுப்படிக்குக் கேட்டிருக்கிறது. யாரோ அந்நிய மனிதர் ஹோலில் இருந்து, வந்தவர்களை எல்லாம் இருக்கச் சொல்கிறார். மாமி பதறிப்போய் முக்காட்டைச் சரி செய்துகொண்டு, தட்டில் இரண்டு தேத்தண்ணியும் முறுக்கும் வைத்துப் பேத்தியிடம் கொடுத்து அனுப்பினார். பாஸ் இரண்டையும் குடித்தார்.

மறுநாளும் இரண்டு தேத்தண்ணி. அதற்கு மறுநாள் வாத்தியார், “இன்னிக்கு செம பசி ஃப்ரெண்ட்ஸ், சீக்கிரம் முடிச்சிடலாம்” என்று சொல்லித் தொலைத்தான். மாமி ரொட்டிக்கு மாக் குழைக்கத் தொடங்கிவிட்டார். கடைசியில் நசீறா உம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் போனைக் காட்ட வேண்டியதாயிற்று. மாமி தூரத்தில் நின்றபடியே திரையைப் பார்த்தார். “போனுக்குள்ளதான் இரிக்காரு. சரி. எண்டாலும் நம்மட வீட்டுக்குள்ள வந்து கதைக்கிற மனுசன்.” அதற்குப் பிறகும் ஒரு தேத்தண்ணி கூடுதலாக வந்துகொண்டே இருந்தது.

பாடத்தின் பெயர் பென்டாடோனிக் ஸ்கேல். எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன், பிழை இருந்தால் பாஸைத்தான் பிடிக்க வேண்டும். மொத்தம் ஐந்தே சுரங்கள். கிட்டாரின் கழுத்து நீளத்துக்கு அந்த ஐந்தும் திரும்பத் திரும்ப வரும். அதனால் கழுத்தை ஐந்து பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் விரல்களை எங்கே வைப்பது என்று தனித்தனியாகப் பழக வேண்டும். வாத்தியார் அவற்றைப் பொசிஷன் என்றான். பாஸ் பெட்டி என்றார். டைல் பெட்டி பெட்டியாக வரும் தொழிலில் இருப்பவர் வேறு எப்படிச் சொல்வார். ஒரு பெட்டியின் வலது ஓரம்தான் அடுத்த பெட்டியின் இடது ஓரம் என்று வாத்தியார் சொன்னதும், “வயல் வரம்பு மாதிரி, ரெண்டு பேருக்கும் ஒண்டு” என்று பாஸ் உடனே பிடித்துக்கொண்டார்.

பிடித்தவர் விடவில்லை. ஐந்தாம் பெட்டியை மட்டும் ஒரு மாதத்துக்கு மேல் வாசித்தார். டிங் டிங், டிங் டிங். வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தால் மஃரிப் பாங்கு சொல்லும்வரை அதே டிங் டிங். பாங்கு சொன்னால் உடனே நிறுத்திவிடுவார், அதில் குறை சொல்ல முடியாது. நான் அதுவரை பாங்கை இவ்வளவு ஆவலோடு எதிர்பார்த்ததில்லை.

வாத்தியம் வாசிப்பது மார்க்கத்தில் கூடுமா கூடாதா என்று ஒழுங்கையில் ஒரு முணுமுணுப்பும் எழுந்தது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் மரைக்கார் ஒருவர், வயதானவர், எங்கள் மதிலோரம் கதிரையைப் போட்டு உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு எழும்பித் தீர்ப்புச் சொன்னார். “இது பாட்டில்ல. பாட்டா வந்தாப் பாப்பம்.” பாட்டாக வரும் என்ற பயம் அவருக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை.

சத்தத்தோடு நின்றிருந்தால் பொறுத்திருப்பேன். வீடியோவில் வாத்தியார் ஒவ்வொரு பெட்டியையும் கட்டம் போட்டு, விரல் வைக்கும் இடத்தில் கறுப்புப் புள்ளி வைத்துக் காட்டுவான். கட்டத்துக்குள் கறுப்பைக் கண்டால் மற்றவர்களுக்கு என்ன தோன்றுமோ தெரியாது, பாஸுக்குத் தரை தோன்றியது. அந்த நேரம் பார்த்து நான் சமைக்கிற குசினிக்கு டைல் பதிக்கச் சொல்லிவிட்டுப் பாடசாலைக்குப் போயிருந்தேன். முழுக்க வெள்ளை என்று சொல்லி வெள்ளைதான் வாங்கியும் கொடுத்திருந்தேன். வந்து பார்த்தால் வெள்ளைத் தரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கறுப்பு.

“என்ன பாஸ் இது? டைல் பத்தாமப் போயிட்டா?”

“இல்ல டீச்சர். இது ரெண்டாம் பெட்டி.”

“என்ன ரெண்டாம் பெட்டி?”

“கிட்டார்ல ரெண்டாம் பெட்டி. என்னட்டக் கிடந்த கறுப்பப் போட்டன். உங்களுக்கு டிசைனும் ஆச்சி, எனக்குப் பாடமும் ஆச்சி.”

எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. ஆனால் அவர் அதைத் தட்டிக் காட்டி, தரை சமம் என்று தண்ணீர் மட்டம் வைத்துக் காட்டி, பிள்ளை சித்திரம் வரைந்து காட்டுவதுபோல நின்ற முகத்தைப் பார்த்தபோது ஏறியது இறங்கிவிட்டது. “நல்லா இரிக்கி பாஸ்” என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடிப்போனது. அது ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

நான் மட்டும் அகப்படவில்லை. எங்கள் ஒழுங்கையில் அந்த வருடம் தரை போட்டவர்கள் எல்லோர் வீட்டிலும் ஒவ்வொரு பெட்டி வந்து சேர்ந்தது. கடைக்காரர் வீட்டு விறாந்தையில் மூன்றாவது. கடற்கரைப் பக்க வீட்டுக் குளியலறையில் நான்காவது. பாஸுக்கு ஏதாவது ஒன்று மறந்துபோனால் அந்தந்த வீட்டுக்கு வந்து தரையைப் பார்த்துக்கொண்டு, வெறுங்கையால் காற்றில் விரல்களை ஆட்டிக்கொண்டு நிற்பார். ஒரு நாள் நான் மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது கதவில் தட்டிய சத்தம்.

“டீச்சர், மூண்டுல இருந்து ரெண்டுக்கு வாறன். கதவத் தொறங்க.”

இதில் கவனித்தீர்களா, மூன்றிலிருந்து இரண்டுக்கு. அதுதான் அவருடைய பெரிய சிக்கல். டைல் பதிப்பவர்கள் அறையின் கடைசி மூலையில் தொடங்கிப் பின்னால் பின்னால் வந்து வாசலில் முடிப்பார்கள். முன்னால் போனால் ஈரத் தரையை மிதிக்க வேண்டும். பாஸ் கிட்டாரையும் அப்படியே பதித்துவிட்டார். கழுத்தின் கடைசி மூலையில் ஐந்தாம் பெட்டியில் தொடங்கி, நான்கு, மூன்று, இரண்டு என்று பின்வாங்கி ஒன்றாம் பெட்டியில் வெளியே வந்துவிடுவார். ஐந்தையும் ஒரு பிழையில்லாமல் படித்துவிட்டார், ஆனால் இறங்க மட்டும்தான் தெரியும். ஏறத் தெரியாது. அவர் வாசித்தால் எதுவும் மேலே இருந்து கீழே வந்துகொண்டே இருக்கும். கொஞ்ச நேரம் கேட்டால் வீட்டில் யாரோ படியில் உருண்டு விழுகிறார்கள் என்றே தோன்றும்.

ஏற முயன்றால், ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும் இடத்திலேயே தட்டுப்படுவார். வாத்தியார் அங்கே விரலைக் கம்பியிலிருந்து எடுக்காமல் அப்படியே இழுத்துக்கொண்டு போ என்கிறான். பாஸால் முடியாது. புதுத் தரைக்கு முன்னால் வந்ததும் காலைத் தூக்கிவிடும் பழக்கம் விரலுக்கும் வந்துவிட்டது. தூக்குவார், தடுமாறுவார், பிழையான இடத்தில் வைப்பார், மறுபடி முதலிலிருந்து.

இந்தக் காலம் முழுவதும் மாமி ஒரு சொல் சொல்லவில்லை. பிரிட்ஜிடம்கூட முறைப்பாடு இல்லை. ஆனால் கோழிக் கூடு காலியாகிக்கொண்டு வந்தது. ஐந்தாம் பெட்டிக்குச் சேவல் போனது. நான்காம் பெட்டிக்கு முட்டையிடுகிற கறுப்புப் பேடும் போனது. பாஸுக்கு வயிறு வைத்துவிட்டது. குந்தியிருந்து டைல் பதிக்க முடியாமல் மூச்சு வாங்கினார்.

அப்படியொரு நாள், நெய்ச்சோற்று ஏப்பத்தோடு என் குசினி வாசலில் வந்து இரண்டாம் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒரு பிளேன்டியைக் கொடுத்துவிட்டுக் கேட்டே விட்டேன்.

“பாஸ், உங்கட மாமி பாவமில்லையா? காது போறளவுக்கு இத அடிக்கிறீங்க. மனுசி ஒரு சொல் சொல்லல்ல.”

“அதுக்குத்தான் டீச்சர் அடிக்கிறதே.”

“எதுக்கு?”

“ஒரு சொல் சொல்றதுக்கு. ஏசினாலும் பரவாயில்ல. ஏசினா இன்னும் நல்லம்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“எங்கட உம்மா மௌத்தாகக்குள்ள எனக்கு நடக்கவும் தெரியாது டீச்சர். கூடப் பொறந்த ராத்தாமார்தான் வளத்த. ஆரும் எனக்கு ஏசினது கிடையாது. பாவம் உம்மா இல்லாத புள்ள எண்டு தலையத் தடவிட்டுப் போவாங்க. சட்டியப் போட்டு ஒடச்சாலும் தடவல்தான். பக்கத்து வீட்டுப் பொடியன்மாருக்கு அவங்கட உம்மாமார் ஏசுறதக் கேட்டுட்டு இரிப்பன். கலியாணம் முடிச்சி வரக்குள்ள நெனச்சன், இனி எனக்கும் ஒரு ஆள் ஏசும் எண்டு. வந்து பாத்தா இறைச்சிதான் வருது.”

பிளேன்டியைக் குடித்து முடித்துக் கோப்பையை வைத்துவிட்டுப் போனார். டைல் பதித்த அன்று நான் ஏசாமல் விட்டபோது அவர் முகம் ஏன் வாடியது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு அவர் மேல் இருந்த எரிச்சல் எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

பாடசாலை விடுமுறையில் நசீறாவின் தங்கச்சிக்குக் கொழும்பில் பிள்ளை பிறந்தது. மாமிக்கு முழங்கால் வருத்தம், அவ்வளவு தூரம் பஸ்ஸில் இருக்க முடியாது. நசீறா பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது என்னிடம் வந்து, “டீச்சர், இவங்க ரெண்டு பேரையும் உங்களட்டத்தான் தந்துட்டுப் போறன். பிரிட்ஜ நம்ப ஏலா” என்றாள்.

நான் பிரிட்ஜின் இடத்துக்கு நியமனம் பெற்றேன். சின்ன வேலை இல்லை. மாமி அடுப்படியில் நிற்பார், பாஸ் ஹோலில் நிற்பார், இரண்டுக்கும் நடுவே ஒரு சீலை. ஒருவர் பேசுவது மற்றவருக்குத் தெளிவாகக் கேட்கும். இருந்தாலும் நான் வந்து நின்று திரும்பச் சொன்னால்தான் செல்லுபடியாகும்.

“மகள், பின்னேரத்துக்கு கீரி மீன் வேணுமா, இறால் வேணுமா எண்டு கேளுங்க.”

“பாஸ், கீரியா இறாலா?”

“எது எண்டாலும் சரி எண்டு சொல்லுங்க டீச்சர்.”

“மாமி, எது எண்டாலும் சரியாம்.”

“அப்ப ரெண்டும் ஆக்குறன் எண்டு சொல்லுங்க.”

அன்றைக்கும் அப்படி ஒரு தூதுக்காகத்தான் போயிருந்தேன். வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து பாஸ் வேலைக்குப் போகவில்லை. போனைச் சுவரில் சாத்தி வைத்துக்கொண்டு ஏறுகிற பாடத்தில் உட்கார்ந்திருந்தார். மாமி அடுப்படியில் மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தார்.

வாத்தியார் சொன்னான், “விரலைத் தூக்காதீங்க ஃப்ரெண்ட்ஸ், அப்படியே ஸ்லைடு.” பாஸ் தூக்கினார். விழுந்தார். வீடியோவைப் பின்னால் இழுத்தார். “விரலைத் தூக்காதீங்க ஃப்ரெண்ட்ஸ்.” தூக்கினார். விழுந்தார். பின்னால் இழுத்தார். அடுப்படியில் செதில் சுரண்டும் சத்தம் உரத்துக்கொண்டு வந்தது. “விரலைத் தூக்காதீங்க.” தூக்கினார். சுரண்டும் சத்தம் சட்டென்று நின்றது.

சீலை விலகியது. மாமி ஹோலுக்கு வந்துவிட்டார். முக்காடு தோளில் கிடந்தது. கை இரண்டும் மீன் செதில். என்னைப் பார்க்கவில்லை, பிரிட்ஜைப் பார்க்கவில்லை. நேரே பாஸின் முகத்தைப் பார்த்தார்.

“எத்தின நாளா அந்த மனுசன் தொண்ட கிழியச் சொல்றாரு, விரலத் தூக்காத, தூக்காத எண்டு. உனக்கு மண்டைக்குள்ள என்ன, சிமெந்தா? ஈர டைல்ல கால் வெக்கிற மாதிரித் தூக்கித் தூக்கி வெக்கிறாய். அது தரையில்ல, கம்பி. ஒண்டும் ஆகாது. இழு.”

பாஸ் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னத்தப் பாக்கிறாய்? என்ட மூஞ்சிலயா கம்பி கட்டியிரிக்கி? இழு எண்டா இழு.”

அவர் இழுத்தார். விரல் கம்பியோடு ஒட்டிக்கொண்டு இரண்டாம் பெட்டிக்குள் போனது. எங்கள் ஒழுங்கையில் முதல்தடவையாக ஒரு சத்தம் கீழே இருந்து மேலே ஏறியது.

மாமி அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. கட்டு உடைந்துவிட்டது, இனி நிற்காது. சிமெந்துக் காலோடு பாயில் ஏறியது வந்தது. ஈரத் துவாய் வந்தது. நசீறாவுக்கு முதல் பிள்ளை பிறந்த ஆசுபத்திரியில் அவளை விட்டுவிட்டு இவர் மயங்கி விழுந்து கட்டில் பிடித்தது வந்தது. புடலங்காயை ஒதுக்கி வைப்பது, குளியலறையில் லைட்டை அணைக்காதது, மூக்கை உறிஞ்சுவது, எல்லாம் ஒழுங்கு தவறாமல் வரிசையாக வந்தது. இவ்வளவு காலமும் கோழியாகவும் நெய்ச்சோறாகவும் போய்க்கொண்டிருந்தது அத்தனையும் அன்றைக்குச் சொல்லாகவே வந்தது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

கடைசியில் மாமிக்கு மூச்சு முட்டியது.

“கறியும் இல்ல, ஆணமும் இல்ல, ஒண்டும் இல்ல இண்டைக்கி. என்னால ஏலா. அடுப்படிக்குள்ள நேத்தைச் சோறு கிடக்கு. போ, போட்டுத் தின்னு.”

பாஸ் எழும்பினார். ஊரில் பாதிப்பேருடைய அடுப்படிக்கு டைல் பதித்த மனிதர், வாழ வந்த வீட்டு அடுப்படிக்குள் அதுவரை கால் வைத்ததில்லை. மாப்பிள்ளைக்குச் சாப்பாடு மேசைக்கு வரும், மூடி போட்டு வரும். சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனவர், போன இடத்தில் எது எங்கே என்று தெரியாமல் நின்றார்.

“சோறு போட பீங்கான் எங்க இரிக்கி?” உள்ளேயிருந்து குரல் மெதுவாக வந்தது. என்னிடமா கேட்டார், மாமியிடமா என்று விளங்கவில்லை. நான் வாயைத் திறக்குமுன் மாமி பதில் சொன்னார்.

“தலைக்கு மேல கிடக்கு. கண் தெரியாதா?”

சொல்லிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு நடந்தது விளங்கியது. தோளில் கிடந்த முக்காட்டைச் செதில் கையால் தடவிப் பார்த்தார்.

“மகள், நான் கதைச்சிட்டன் என்ன?”

“ஓம் மாமி.”

“இனி என்ன செய்ற?”

“இனி என்ன செய்ற, கதைங்க.”

மாமி முக்காட்டைத் தலைக்கு இழுக்கவில்லை, தோளிலேயே விட்டார். பிறகு சீலையைப் பார்த்து, “ஊறுகாய்ப் போத்தல் கிடக்கு, அதையும் எடு” என்றார். குரல் தணிந்திருந்தது.

நான் எட்டிப் பார்த்தேன். பாஸ் அடுப்பு மேடையில் சாய்ந்து நின்று, ஆறிப்போன சோற்றை ஊறுகாயோடு பிசைந்து தின்றுகொண்டிருந்தார். கண்ணீர் கன்னத்தில் இறங்கி வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்கவே இல்லை. என்னைக் கண்டதும் வாய் நிறையச் சோற்றோடு சொன்னார்.

“டீச்சர், மாமி ஏசிட்டா.”

எனக்கும் அழுகை வந்துவிட்டது. மீன் கேட்க வந்தவள் ஒன்றும் கேட்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். மாமி அன்று முதல் நிறுத்தவில்லை. காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று என்று மருந்து கொடுப்பதுபோல ஏசுகிறார். நசீறா கொழும்பிலிருந்து வந்து வாசல் கேற்றடியில் இறங்கியதும் பாஸ் ஓடிப்போய்ச் சொன்ன முதல் செய்தியும் அதுதான். ஏதோ பரிசு வாங்கிய பிள்ளை மாதிரிச் சொன்னாராம். கோழிக் கூட்டில் இப்போது குஞ்சுகள் நிறைய. பாஸின் வயிறும் இறங்கிவிட்டது.

இவ்வளவு காலமும் எனக்குக் காது வலித்தால் மதிலோரம் போய், “பாஸ், குறை நினைக்காதீங்க, கொஞ்சம் மெதுவா வாசிக்க ஏலுமா?” என்று மரியாதையாகத்தான் கேட்பேன். நேற்றுப் பின்னேரமும் ஏறுவதும் இறங்குவதுமாக ஐந்து பெட்டியையும் போட்டு உருட்டிக்கொண்டிருந்தார். மதிலுக்கு மேலால் தலையை நீட்டினேன். “ஏய், அறிவில்லையா உனக்கு? மனுசர ஒரு கண் அயர விடமாட்டாய், அத மூலையில வெச்சிட்டுப் போய்ப் படு” என்று கத்தினேன். அவர் பல்லெல்லாம் தெரிய என்னைப் பார்த்துச் சிரித்தார். உம்மா இல்லாமல் வளர்ந்த பிள்ளை, அவருக்கு ஏச ஒரு ஆள் மட்டும் எப்படிப் போதும்.